பாலிக் பூலாவ்: ஆட்டுப் பரணுக்கும் டுரியான் சரிவுக்கும் நடுவே

பினாங்குத் தீவின் மேற்குப் பக்கத்துக்கு மே முதல் ஜூலை வரை வருகிறவர்களுக்கு டுரியான் மேல்தான் கண். ஜார்ஜ்டவுனிலிருந்து 401E பேருந்தில் பாலிக் பூலாவ் போகிறவர்கள், தோட்டக்காரர் அனுமதித்தால், மரத்தடியையும் ஆட்டுக் கொட்டகையையும் பார்த்துவிட்டுப் பழத்துக்கு உட்காரலாம். அந்தப் பழத்துக்குப் பின்னால் இருக்கும் மண், எரு வேலையைப் பற்றியதுதான் இது.

இந்தச் சரிவுகளில் இருப்பது கருங்கல் பாறை சிதைந்து உண்டான மண். கனமழை சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் அரித்துப் போவதால் புளித்துக் கிடக்கும். இந்தப் புளிப்பை, அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (அது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கும். போடுகிற பாஸ்பரஸையும் மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும். உர மூட்டை வாங்குவதற்கு முன் மண் சோதனை செய்யச் சொல்வது இதனால்தான். சரிவுக்கு ஒன்று, சமதரைக்கு ஒன்று எனத் தனித்தனி மாதிரி வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 15 முதல் 20 இடங்களில், 15 செ.மீ. ஆழம் வரை எடுத்துக் கலந்து, அரை கிலோ அனுப்பினால் போதும். அண்மையில் எரு கொட்டிய இடத்தில் எடுத்த மண் பொய் சொல்லும்.

புளிப்பைக் குறைக்கப் போடும் டோலமைட்டும் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) எருவும் ஒரே நாளில் போடுவது இங்கு மட்டுமல்ல, எங்கும் நடக்கிற தவறு. சுண்ணாம்பு பட்டதும் எருவின் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். டோலமைட் முதலில்; எரு மூன்று, நான்கு வாரம் கழித்து.

ஆடுகள் பரணில் நிற்கின்றன, புழுக்கை கீழே விழுகிறது. அள்ளுவது சுலபம், ஆனால் அப்படியே மரத்தடிக்குப் போகக்கூடாது. களை விதையும் புழு முட்டையும் அதில் உயிரோடு இருக்கும். பச்சைக் கோழி எரு இன்னும் மோசம்: வேரைச் சுடும், ஈயை அழைக்கும். எருவோடு நறுக்கிய வைக்கோல், காய்ந்த இலை, மரத்தூள் சேர்த்து ஒரு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் குவிக்க வேண்டும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர்தான் வரலாம். உள்ளே 55 டிகிரி வெப்பம் மூன்று நாளாவது நின்ற பிறகு கிளறி, வெளிப்புறத்தை உள்ளே தள்ளி, மறுபடி சூடேற விட வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது. சூடே ஏறாவிட்டால் குவியல் சிறியது, அல்லது காய்ந்துபோனது. மழைக்காலத்தில் மேலே தார்ப்பாய் இல்லையென்றால் சத்தெல்லாம் கால்வாய்க்குத்தான்.

மக்கியதை அடிமரத்தை ஒட்டிக் கொட்டாதீர்கள். பட்டை ஈரத்தில் ஊறி அழுகல் பிடிக்கும். சத்தை உறிஞ்சும் வேர்கள் கிளை நிழலின் விளிம்பை ஒட்டிப் பரவியிருக்கும், எரு அங்கே போகட்டும்.

எல்லா எருவையும் டுரியானுக்கே கொடுத்துவிடுவது விலையின் மயக்கம். ஆட்டுக்கு அறுக்கும் நேப்பியர் புல், ஒவ்வொரு அறுப்பிலும் தழைச்சத்தையும் பொட்டாசியத்தையும் நிலத்திலிருந்து தூக்கிப் போகிறது. புழுக்கையின் முதல் பங்கு அந்தப் பாத்திக்குத்தான். இல்லாவிட்டால் புல் மெலிந்து, கடைசியில் தீவனத்தையும் காசு கொடுத்து வாங்க நேரும்.

சரிவில் களைக்கொல்லி அடித்து மொட்டையாக்கிய தோட்டம் பார்க்கச் சுத்தம். முதல் பெருமழையில் மேல்மண் ஓடையில் இருக்கும். புல்லைக் கணுக்கால் உயரத்துக்கு வெட்டி அப்படியே மூடாக்காக விடுவதே மேல்.

தோட்டத்துக்குள் நுழையும் முன்னும் வெளியேறும்போதும் செருப்புச் சேற்றைக் கழுவிவிடுங்கள். டுரியானின் அடிமரத்தை அழுகவைக்கும் பைட்டோப்தோரா என்ற பூசணம் போன்ற நுண்ணுயிரி அந்தச் சேற்றோடும் அடுத்த தோட்டத்துக்குப் பயணம் செய்கிறது.