தயிரை எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள்?

வீட்டுக்குப் பக்கத்து சூப்பர்மார்க்கெட்டை மாதக்கணக்கில் தட்டிக் கொட்டி ஒருவழியாகப் புதுப்பித்து முடித்துவிட்டார்கள். உள்ளே போனால் தயிர் இருந்த இடத்தில் நாய் பிஸ்கட்! கூரைக்குக் கறுப்பு அடித்து, குழாயெல்லாம் வெளியே தெரிகிற மாதிரி விட்டிருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் கையில் காசு தீர்ந்துபோனால்தான் வீட்டை இப்படி விடுவார்கள், இங்கே அமெரிக்காவில், மெம்ஃபிஸ் நகரத்தில் அது அலங்காரமாம். வாசலிலேயே பூக்கடை வேறு, தலையில் வைக்கத்தான் ஒரு முழம் கிடைக்காது.

அதையாவது மன்னிக்கலாம். சாம்பார் வைக்க வேண்டுமே! பருப்பு டப்பா பீன்ஸோடு, மஞ்சள்தூள் கேக் சாமான்களோடு, புளி மெக்சிகோ மிட்டாய்களோடு. கோயில் பிரகாரம் மாதிரி சுற்றி வந்தால்தான் ஒரு குழம்புக்குத் தேறுகிறது. பால் மட்டும் பழையபடி கடைசிச் சுவரில். வழியில் நாலு சாமான் கண்ணில் பட்டு வாங்கட்டும் என்பதுதான் கணக்கு.

இந்த வம்பைத் தொடங்கி வைத்தவரும் இந்த ஊர்க்காரர்தான். அதுவரை அமெரிக்காவிலும் பெரும்பாலும் கடைக்காரர்தான் சாமானை எடுத்துக் கொடுப்பார். 1916இல் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் இங்கே பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்து, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். சுழல்கதவு வழியாக நுழைந்தால் எல்லா வரிசையையும் கடந்துதான் காசு கட்டும் இடத்துக்கு வர முடியும். பிங்க் பேலஸ் அருங்காட்சியகத்தில் அந்தக் கடையின் மாதிரியைப் பார்த்தபோது ரசித்தேன், இப்போது கோபம் வருகிறது.

அன்றைக்கு ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, பிறந்து வளர்ந்ததே இங்கேதானாம், என்னிடம் வந்து முட்டை எங்கே என்று கேட்டார். என்னிடம்! கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். பாதை தெரியாமல் விழிப்பதில் ஊரே எனக்குச் சமமாகிவிட்ட சந்தோஷம். சரி, நானும் மெம்ஃபிஸ்காரி ஆகிவிட்டேன் என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

ஆனாலும் கடுகு தேடும்போதெல்லாம் அண்ணாச்சி கடைதான் நினைவுக்கு வருகிறது. சீட்டை நீட்டிவிட்டு நின்றால் போதும். திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் விட்டுச் சரியான டப்பாவை எடுப்பார், தாளை மடித்து, மேலே தொங்குகிற கண்டிலிருந்து நூலை இழுத்து, பொட்டலத்தைச் சுற்றி அறுத்துத் தருவதற்குள் அப்பாவின் உடம்பு, அக்காவுக்கு வந்த வரன் எல்லாம் விசாரித்து முடித்திருப்பார். அதைச் சொல்லி அம்மாவிடம் போனில் புலம்பினேன். அம்மா சிரித்தாள். அண்ணாச்சி மகன் கடையை இடித்துக் கட்டி, ஏசி போட்டு, வாசலில் கூடை அடுக்கியிருக்கிறானாம். கடுகு எந்த வரிசை என்று அவனுக்கே தெரியவில்லையாம்.