கிடந்தது போக நின்றது

பொங்கலுக்கு மறுநாள் காலை, திண்டிவனம் பக்கத்தில் எங்கள் ஊர் மெயின் ரோட்டில் மாமாவோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். போன் கைப்பையின் அடியில் எங்கேயோ கிடந்தது. "மணி என்ன இருக்கும் மாமா?" என்று கேட்டேன். அவர் வாட்ச் கட்டுவதில்லை. காய்ந்த புல் ஒன்றை எடுத்து, விரல்களை மாற்றி மாற்றி வைத்துப் பதினாறு விரற்கடை அளந்து, மீதியைக் கிள்ளிப் போட்டார். அப்புறம் அதை ஓரிடத்தில் மடித்து, ஒரு துண்டு தரையில் படுக்கவும் மற்றது செங்குத்தாக நிற்கவும் பிடித்துக்கொண்டு நிழலைப் பார்த்தார். மடிப்பை இரண்டு தடவை நகர்த்தினார். நிற்கிற துண்டின் நிழல் படுத்திருக்கிற துண்டின் நுனியைச் சரியாகத் தொட்டதும், நிற்கிறதை மட்டும் விரலால் அளந்தார்.

"ஆறு நாழி. ஒம்பது மணி ஆயிருக்கும்மா."

போனைத் தேடி எடுத்தேன். 9:02.

ஒரு நாழிகை 24 நிமிடம். ஆறு நாழிகைக்கு 144 நிமிடம், அதாவது 2 மணி 24 நிமிடம். அன்றைக்கு உதயம் 6:36 வாக்கில். கூட்டினால் ஒன்பது. "எப்படி மாமா?" என்றதற்கு அவர் சொன்னது ஒன்றுதான்: "கிடந்தது போக நின்றது நாழிகை. எங்க தாத்தா சொல்லுவாரு." பஸ் வந்துவிட்டது.

நான் ஒரு ஹார்டுவேர் மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறவள். பொழுதுபோக்கு என்று இதற்கு முன் தொடங்கியவை: கீபோர்டு வகுப்பு, ஆரி எம்பிராய்டரி, இந்தி. மூன்றும் மூன்று மாதம் தாண்டவில்லை. அவை எல்லாம் "கற்றுக்கொண்டால் நல்லது" என்று யாரோ சொல்லித் தொடங்கியவை. இந்தத் துரும்பு விஷயம் அப்படி இல்லை. சென்னைக்கு வரும் வழியெல்லாம் ஏன் பதினாறு, ஏன் பதினைந்து இல்லை என்றே ஓடிக்கொண்டிருந்தது. பகல் முப்பது நாழிகை என்றால் உச்சிக்குப் பதினைந்துதானே?

ஒரு விதி வைத்துக்கொண்டேன்: முதலில் நானே அளப்பது, அப்புறம்தான் கூகுள். இரண்டு முறை மீறினேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வாரம் புல்லோடு போராட்டம். சென்னையில் மொட்டை மாடிக்கு ஏற்ற புல்லுக்கு எங்கே போவது? துடைப்பக் குச்சி மடித்தால் ஒடிகிறது. கடைசியில் காலண்டர் அட்டையில் ஒரு பட்டை வெட்டி, பதினாறு சம கட்டம் போட்டேன். அப்போதுதான் உறைத்தது, விரற்கடை யாருடையது என்பது பொருட்டே இல்லை. என் விரல் மாமா விரலைவிட ஒல்லி, ஆனாலும் விடை மாறாது. நின்றதற்கும் கிடந்ததற்கும் உள்ள விகிதம்தான் கணக்கு. அளவுகோல் தேவையில்லாத அளவு!

ஜனவரி 20, சென்னை. காலை அளவுகள் ஓரளவு சரி. உச்சி நேரத்தில், 12:20க்கு வைத்தேன். பட்டையில் நின்றது பத்து கட்டம்கூட இல்லை. உதயத்திலிருந்து 5 மணி 45 நிமிடம் ஆகியிருக்கிறது, பதினாலரை நாழிகை வந்திருக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இடிக்கிறது. கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும், பத்து ரூபாய் இடித்தால் தூக்கம் வராது, பத்து லட்சம் இடித்தால் நிம்மதி. எங்கேயோ ஒரு முழு எண்ட்ரி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். இதுவும் அப்படித்தான் தோன்றியது.

நிழலை ஒழுங்காக அளக்கலாம் என்று ஒரு பழைய திரைச்சீலைக் கம்பியை, காலி பெயின்ட் டப்பாவில் சிமென்ட் கலவை ஊற்றி நட்டேன். உயரம் ஒரு மீட்டர். பிப்ரவரி முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நிழல் நுனியைச் சாக்பீஸால் குறித்தேன். அந்த மாத எண்கள் எல்லாம் வீண். இரண்டு காரணம்.

ஒன்று, மாடித் தளம் மட்டமாக இருக்காது. மழைத்தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்துத்தான் தளம் போடுவார்கள். ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்துகொண்டு இது எனக்கு ஒரு மாதம் தோன்றவில்லை. கடையிலிருந்தே ரசமட்டமும் தூக்குக்குண்டும் வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி கடப்பாக்கல் ஒன்றை அட்டைத்துண்டு சொருகி மட்டப்படுத்தினேன்.

இன்னொன்று, நிழலுக்கு நுனி கிடையாது. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. கறுப்பு சாம்பலாகி, சாம்பல் வெளுத்து, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத ஒரு மங்கல். சூரியன் புள்ளி இல்லை, அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அந்தத் தட்டின் ஒரு ஓரத்துக்கு ஒரு நிழல், மறு ஓரத்துக்கு இன்னொன்று. ஒரு மீட்டர் உயரத்துக்கு மங்கல் மட்டும் ஒரு சென்டிமீட்டர்.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி, பிஸ்கட் டப்பா மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுக் கம்பியின் உச்சியில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும்படி திருகியது. (கண்டுபிடித்தது என்று பெருமையாகச் சொல்கிறேன், உலகத்துக்குப் பழைய சங்கதி.) இப்போது நிழலுக்கு நடுவே ஒரு வெளிச்சப் பொட்டு விழுகிறது. நடுப்புள்ளியைப் பென்சிலால் குறிக்கலாம். ஓட்டைக்கு நேர் கீழே உள்ள இடம் தூக்குக்குண்டு விட்டுக் குறித்தது.

அந்தப் பொட்டு ஓட்டையைவிடப் பெரிது, ஓட்டை கோணல்மாணல், பொட்டு மட்டும் நல்ல வட்டம். சூரியனின் பிம்பமே அது. உடனே 2019 டிசம்பர் 26 ஞாபகம் வந்தது. கோவை, திண்டுக்கல், திருச்சி பக்கமெல்லாம் வளைய கிரகணம், சென்னையில் பகுதி கிரகணம். அன்றைக்கு வாசல் வேப்பமரத்தடியில் சிமென்ட் தரை முழுக்கப் பிறை பிறையாக வெளிச்சம் கிடந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுப் பெருக்கினேன். இலைச் சந்து ஒவ்வொன்றும் ஒரு ஓட்டை என்று புரிய எனக்கு இத்தனை வருஷமும் ஒரு பிஸ்கட் டப்பாவும் தேவைப்பட்டிருக்கிறது.

மார்ச் 20. இரவும் பகலும் சமம் என்கிற நாள், சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே. அன்றைய உச்சி நிழலின் சாய்வுதான் நம் ஊரின் அட்சரேகை. எனக்கு 22.6 சென்டிமீட்டர் வந்தது, 12.7 டிகிரி. சென்னை 13.08. என் வீட்டைத் தூக்கிச் செங்கல்பட்டு அருகே வைத்துவிட்டேன். ஆனாலும் ஒரு கம்பியை வைத்துக்கொண்டு பூமிப்பந்தில் நாற்பது கிலோமீட்டர் பிசகில் என் வீட்டைச் சொல்ல முடிந்ததே என்று அன்று மாலை பஜ்ஜி போட்டேன்.

உச்சி எது என்று பிடிப்பதுதான் கஷ்டம். நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தில் அது கிட்டத்தட்ட நகராமல் நிற்கிறது, பத்து நிமிடத்துக்குக் கண்ணால் வித்தியாசம் தெரியாது. சிற்ப நூல்களில் கோயிலுக்குத் திசை காணச் சங்கு என்னும் குச்சியை நட்டு வட்டம் போடும் முறை உண்டு. அதையே செய்தேன். அடிப்புள்ளியைச் சுற்றிக் கல்லில் வட்டம், முற்பகல் பொட்டு அதைத் தொடும் நேரம் ஒன்று, பிற்பகல் தொடும் நேரம் ஒன்று, இரண்டுக்கும் நடு உச்சி. இரண்டு தொடுபுள்ளிகளையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு இலவசம்.

மார்ச் முதல் வாரம் உச்சி 12:20. மார்ச் 20 அன்று 12:16. ஏப்ரல் 15 அன்று 11:13, 1:05, நடு 12:09. ஒருபோதும் பன்னிரண்டில் இல்லை, ஒரே இடத்திலும் இல்லை. போன் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டேன். கல்லை மறுபடி ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். விதியை முதல் முறை மீறியது இங்கேதான்.

நகர்வதற்குக் காரணம், பூமி நீள்வட்டத்தில் ஒரே வேகத்தில் போவதில்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து, சூரியன் பிப்ரவரியில் கடிகாரத்துக்குப் பதினான்கு நிமிடம் பிந்தும், நவம்பர் தொடக்கத்தில் பதினாறு நிமிடம் முந்தும். ஏப்ரல் நடுவில் சூரியனும் கடிகாரமும் ஒத்துப்போகும். அப்படியானால் ஏப்ரல் 15 அன்று 12:00 வந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்பது நிமிடம் மிச்சம்.

இந்த ஒன்பதை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நம் கடிகாரம் ஓடுவது மிர்சாப்பூர் அருகே செல்லும் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு. சென்னை அதற்கு மேற்கே இரண்டேகால் டிகிரி தள்ளி, டிகிரிக்கு நான்கு நிமிடம், ஆகவே ஒன்பது. இது நானே போட்ட கணக்கு. சரிபார்க்கத் தேடியபோது (இரண்டாவது மீறல்) வேறொன்று கிடைத்தது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டிய மெட்ராஸ் வானாய்வகத்தில் இருந்துகொண்டு, கோல்டிங்காம் என்பவர் 1802இல் இந்த ஊருக்கென்று ஒரு நேரம் வகுத்தார். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முன்னே. நூறு வருஷத்துக்கும் மேல் மெட்ராஸ் நேரம் என்று புழங்கியது, ரயில்களும் அதன்படி ஓடியிருக்கின்றன. 1906 ஜனவரி 1இல் இந்திய நேரம் 5:30 என்றானது. கழித்துப் பாருங்கள், 8 நிமிடம் 46 வினாடி. என் கடப்பாக்கல் இன்னும் மெட்ராஸ் நேரத்தில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 24, சென்னையின் நிழலில்லா நாள். அலுவலகத்தில் லீவு சொன்னேன், காரணம் சொல்லவில்லை. உதயம் 5:53. காலையிலிருந்து பட்டையோடு உட்கார்ந்தேன். 7:53க்கு ஐந்து நாழிகை, பட்டை ஐந்தரை காட்டியது. 9:05க்கு எட்டு, பட்டையும் எட்டு. 10:35க்குப் பதினொன்றே முக்கால், பட்டை பதினொன்றரைக்குக் கொஞ்சம் குறைச்சல். கால் மணி நேரத்துக்கு மேல் எங்கேயும் பிசகவில்லை. 12:07க்கு என் மகள் பட்டையைப் பிடித்தாள், மடித்துப் பார்த்தாள். "அம்மா, மடிக்கவே முடியல. நிழலே இல்ல." பதினாறும் நின்றது, கிடந்தது என்று ஒன்றுமே இல்லை. வெளிச்சப் பொட்டு தூக்குக்குண்டு காட்டிய புள்ளியிலேயே உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு சொம்பைக் கொண்டுவந்து வைத்து, அதற்கும் நிழல் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு போனார்.

ஜனவரியில் விட்டுப்போன எண்ட்ரி அதுதான். சூரியன் தலைக்கு நேர் மேலே ஏறும் என்று நம்பிப் போட்ட கணக்கு இது. தை மாதத்தில் சூரியன் சென்னைக்கு மேலே ஏறுவதே இல்லை, தெற்கே சாய்ந்தபடி 57 டிகிரியோடு திரும்பிவிடுகிறது. பதினைந்துக்குப் பதில் ஏன் பதினாறு என்பதற்கு என் ஊகம், பாதி, கால், அரைக்கால் என்று மடித்துப் பிரிக்க அதுதான் சுலபம் என்பது. உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மே மாதம் மகள்தான் முதலில் கவனித்தாள், உச்சி நிழல் தெற்கே விழுகிறது. சூரியன் நம்மைத் தாண்டி வடக்கே போய்விட்டது, ஆகஸ்ட் 18 அன்று திரும்பும்வரை அப்படித்தான். என் சமையலறையின் வடக்கு சன்னல் மே, ஜூனில் மட்டும் ஏன் கொதிக்கிறது என்று எட்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். யாரைத் திட்ட வேண்டும் என்று இப்போது தெரியும்.

ஆடியில் ஊருக்குப் போனபோது மாமாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். தையில் உச்சி வேளைக்கு உங்கள் கணக்கு இரண்டு மணி நேரம் தப்பு என்றும் சொன்னேன், கொஞ்சம் வெற்றிக் களிப்போடுதான். அவர் வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்: "உச்சி வேளைக்கு எவன்மா துரும்பு கிள்ளுவான்? அதான் காலடியிலயே தெரியுதே."

ஏப்ரல் 15க்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சரியாக 12:09க்குப் பொட்டு விழும் இடத்தில் எனாமல் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்துவருகிறேன். சூரியன் வடக்கே தெற்கே போவதும் கடிகாரத்துக்கு முந்திப் பிந்துவதும் சேர்ந்து, வருடம் முடிந்தால் 8 என்ற எண்ணின் வடிவம் வர வேண்டும். மேல் வளையம் நன்றாகவே வந்தது. ஆனால் அக்டோபர் மூன்றாவது வாரம் பொட்டு கல்லைவிட்டு இறங்கிவிட்டது. இரண்டடிக் கல்லில் முழு எட்டு அடங்காது என்று ஏப்ரலிலேயே கணக்குப் போட்டிருக்கலாம், போடவில்லை. இப்போது மழைக்காலம், மூன்று ஞாயிறு மேகத்தில் போனது.

கடையில் மூலை உடைந்த கடப்பாக்கல் ஒன்று பாதி விலைக்கு வந்தது. அதையும் மட்டப்படுத்தி முதல் கல்லோடு ஒட்டிப் போட்டிருக்கிறேன். டிசம்பர் 22 அன்று பொட்டு அடிப்புள்ளியிலிருந்து 74 சென்டிமீட்டரில் விழ வேண்டும். அங்கே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, மழையில் அழியாமல் மேலே செல்லோடேப் ஒட்டிவைத்திருக்கிறேன்.