அஸ்டிக்மாட்டிசம் கணக்கு என்றால் முதலில் சிலுவையைப் போடுங்கள்

கான்டாக்ட் லென்ஸ் ஆப்டிக்ஸ் தாளை முதல் தடவை எழுதியபோது எனக்குச் சூத்திரங்கள் எல்லாமே மனப்பாடம், ஆனாலும் அஸ்டிக்மாட்டிசம் (திசைக்குத் திசை பவர் மாறும் கண்ணின் கோணல்) வந்த இடத்தில் எல்லாம் மதிப்பெண் போயிருந்தது. விடைத்தாளை வாங்கி நிதானமாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வேறு வேறு கேள்விகளில் ஒரே தப்பைச் செய்திருக்கிறேன். எந்த மெரிடியனில் (மையம் வழியாகப் போகும் கோட்டில்) எவ்வளவு பவர் என்று பார்க்காமல், கண்ணாடிச் சீட்டில் இருக்கும் எண்ணை அப்படியே சூத்திரத்துக்குள் போட்டிருந்தேன்.

வெர்டெக்ஸ் கணக்கையே, அதாவது கண்ணாடி பவரைக் கண்ணின் மேல் வைக்கும் லென்ஸுக்கு மாற்றுவதையே, எடுத்துக்கொள்வோம். கண்ணாடி பவர் −6.00, சிலிண்டர் (அஸ்டிக்மாட்டிசத்தைத் திருத்தும் பவர்) −2.00, ஆக்சிஸ் (சிலிண்டர் பவர் வேலை செய்யாத திசை) 180, அதாவது படுக்கைக் கோடு, கண்ணுக்கும் கண்ணாடிக்கும் 12 மி.மீ. தூரம். நான் −6.00ஐ மட்டும் −5.60 ஆக மாற்றிவிட்டு சிலிண்டரைத் தொடாமல் விட்டேன். கூடப் படித்த ஒருவர் சிலிண்டரைத் தனியாகச் சூத்திரத்தில் போட்டு −1.95 என்று எழுதினார். இரண்டுமே தவறு, ஏனென்றால் சிலிண்டர் என்பது தனியாக நிற்கும் பவர் இல்லை, இரண்டு மெரிடியன்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசம். தாளின் ஓரத்தில் ஒரு சிலுவை போட்டு படுக்கைக் கோட்டில் −6.00, செங்குத்துக் கோட்டில் −8.00 என்று எழுதுங்கள், அப்புறம் இரண்டையும் தனித்தனியாக மாற்றுங்கள். −5.60, −7.30 வரும். வித்தியாசம் −1.70, ஆக −1.75 சிலிண்டர் உள்ள டோரிக் லென்ஸ் (இரண்டு மெரிடியன்களில் வேறு வேறு பவர் உள்ள கான்டாக்ட் லென்ஸ்) போதும். 4 டையாப்டருக்குக் (பவரின் அலகு) கீழே இந்த மாற்றம் கால் டையாப்டரைக்கூடத் தொடாது, அதற்கு மேலே மறந்தால் விடை தப்பு.

கடின லென்ஸ் கேள்விகளில்தான் இந்தச் சிலுவை என்னை உண்மையில் காப்பாற்றியது. மென்மையான லென்ஸ் கருவிழியின் (கார்னியாவின்) மேல் அப்படியே படிந்து அதன் கோணலையும் வாங்கிக்கொள்ளும். கடின லென்ஸ் தன் வடிவத்தை விடாது, இடையில் இருக்கும் பள்ளத்தைக் கண்ணீர் நிரப்பும். கண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.336, கருவிழியின் எண் 1.376, இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் கருவிழியின் முன்பக்கக் கோணல் ஏறக்குறைய மறைந்துவிடும். ஆனால் மறைவது கருவிழியில் உள்ளது மட்டும்தான்!

கெரட்டோமீட்டரில் (கருவிழியின் வளைவை அளக்கும் கருவி) 180இல் 43.00, 90இல் 45.00 என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியிலும் −2.00 சிலிண்டர், ஆக்சிஸ் 180 என்றால் சாதாரண உருண்டை வடிவக் கடின லென்ஸே வேலையை முடித்துவிடும். அதே கருவிழிக்குக் கண்ணாடியில் −0.50 மட்டும்தான் இருந்தால்? கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் எதிர்த்திசையில் 1.50 வைத்துச் சமன் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இங்கே கடின லென்ஸ் போட்டால் அந்தச் சமநிலை கலைந்து −1.50, ஆக்சிஸ் 90 என்று புதிதாகத் தலைகாட்டும், மென்மையான லென்ஸ்தான் சரியான பதில். இந்த இடம் புரிய எனக்கு உதவியது தாமஸ் யங் 1801இல் சொன்ன சோதனை. தன் கண்ணில் அஸ்டிக்மாட்டிசம் இருப்பதைக் கண்டுபிடித்த அவர், கண்ணைத் தண்ணீரோடு ஒட்டவைத்துக் கருவிழியின் வேலையை நீக்கிப் பார்த்தார், கோணல் அப்போதும் போகவில்லை, ஆகவே அது உள்லென்ஸில் இருக்கிறது என்று முடிவு செய்தார். நாம் கண்ணீர் லென்ஸ் என்று படிப்பது கிட்டத்தட்ட அதே தண்ணீர்தான்.

கடின லென்ஸின் வளைவு ஆரம் 0.05 மி.மீ. குறைந்தால் கண்ணீர் +0.25 சேர்க்கும், அதனால் லென்ஸில் −0.25 கூட்ட வேண்டும், ஆரம் கூடினால் இதற்கு நேர்மாறு. இதை நாலு கணக்கு போட்டுப் பார்த்தால் சரி.

டோரிக் லென்ஸ் சுழன்றுவிட்டது என்ற கேள்வியில் இடது, வலது என்பது நோயாளிக்கு இல்லை, எதிரே உட்கார்ந்து பார்க்கும் நமக்கு. லென்ஸின் கீழே இருக்கும் குறி நம் இடப்பக்கம் 10 டிகிரி நகர்ந்திருந்தால் ஆக்சிஸில் 10 கூட்டணும், வலப்பக்கம் என்றால் கழிக்கணும். இதை வாய்ப்பாடாகப் படிக்காமல் சோதனைப் பெட்டியில் இருந்து ஒரு சிலிண்டர் லென்ஸை எடுத்து, சுவரில் ஒட்டிய சிலுவைக் கோட்டைப் பார்த்தபடி மெல்லத் திருப்பிப் பாருங்கள், இரண்டு கோடுகளும் கத்தரிக்கோல் போல விலகுவது தெரியும். 10 டிகிரி விலகினால் சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு திருத்தப்படாமல் நிற்கும், 30 டிகிரி விலகினால் முழு சிலிண்டர் அளவும் அப்படியே, வேறு ஆக்சிஸில் மிஞ்சும். இந்த இரண்டு எண்களைச் சைன் சூத்திரத்தில் (மிச்சம் = 2 × சிலிண்டர் × sin விலகல் கோணம்) நீங்களே போட்டு வரவழைத்தால் அப்புறம் மறக்காது.

இன்னொன்று, 175இல் 10 கூட்டினால் விடையில் 185 என்று எழுதிவிடாதீர்கள், 180ஐக் கழித்து 5 என்று எழுதுங்கள்.