ஐடிலில் குலுங்கும் பழைய வண்டி: பட்டறை நாட்குறிப்பு

ஜூலை 14, 2025, திங்கள்

அம்பாசமுத்திரம் பக்கத்து வண்டி. 2011 மாடல், நாலு சிலிண்டர் பெட்ரோல், 1,32,000 கிலோமீட்டர். வாழைத்தோட்டத்தை ஒட்டிய சாய்ப்பில் நிற்பது. சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் வரை குலுக்கம், ஏ.சி. போட்டால் ஆஃப். "சென்சார மாத்தியும் அதே குலுக்கந்தான் அண்ணாச்சி" என்று, கழற்றின ஆக்சிஜன் சென்சாரையும் பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஸ்கேனரில் பி0171 என்ற குறைக் குறியீடு. கலவையில் பெட்ரோல் குறைவு என்பதுதான் இதன் பொருள். சென்சார் கெட்டுப்போனதாக அது சொல்லவே இல்லை. ஆக்சிஜன் சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை, எரிந்த புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அந்தக் காற்று அப்படியே சைலன்சருக்கு வரும். அப்போதும் அது "பெட்ரோல் பத்தல" என்றே சொல்லும்.

அந்தக் குறியீட்டை இன்னும் அழிக்கவில்லை. அழித்தால் அது விழுந்த நேரத்து எண்களும் சேர்ந்து போய்விடும்.

சூடான எஞ்சினில் எடுத்தவை: ஐடில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும் வேகம்) 620க்கும் 900க்கும் நடுவே அலைகிறது, இருக்க வேண்டியது 750–850. ட்ரிம் என்பது எஞ்சின் கம்ப்யூட்டரான இ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்: குறுகிய கால ட்ரிம் +9, நீண்ட கால ட்ரிம் +16. 2500 ஆர்.பி.எம்.மில் பிடித்தால் இரண்டும் சேர்ந்து −5. மேப் சென்சார் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் மேனிபோல்டில் அழுத்தம் அளப்பது) ஐடிலில் 47 கிலோ பாஸ்கல். நல்ல எஞ்சினில் 30–38க்குள் நிற்கும்.

ஐடிலில் ட்ரிம் ஏறி, ரேஸ் கொடுத்ததும் இறங்கினால் எங்கேயோ ஏர் எடுக்கிறது. ஓட்டையின் அளவு மாறாது. எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்று கூடக்கூட ஓட்டையின் பங்கு சுருங்கிவிடும். பெட்ரோல் பம்ப் சோர்ந்த வண்டியில் இது தலைகீழாக இருக்கும். ஆனால் ஏர் லீக் மட்டுந்தான் குறை என்றால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், −5 வரை போகக் கூடாது. அந்த எண்ணுக்குச் சுழி போட்டு வைத்திருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவி போட்டு, எஞ்சினைக் கிளப்பாமல் கூலன்ட் சென்சாரையும் உள்காற்றுச் சென்சாரையும் ஒப்பிட வேண்டும். ரெண்டு மூணு டிகிரிக்குள் ஒத்துப்போகணும். ரெண்டும் 27. மேப் 100 கிலோ பாஸ்கல், நம்ம ஊர் மட்டத்துக்குச் சரி. மேலே போகலாம்.

எந்த சிலிண்டர் என்று பார்க்க, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரின் கனெக்டரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது. பிளக் வயரைப் பிடுங்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். எரியாத பெட்ரோல் போய்க் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும், கையிலும் ஷாக் அடிக்கும். பிடுங்கியதும் இறங்கிய ஆர்.பி.எம்.: ஒன்றில் 120, இரண்டில் 110, மூன்றில் 25, நாலில் 120. மூன்றாவது சும்மா கிடக்கிறது.

மூன்றாம் பிளக்கின் நுனி வெள்ளை வெளேர் என்று இருக்கிறது, மற்ற மூன்றும் இளம்பழுப்பு. பிளக்கையும் வயரையும் ஒன்றாவதோடு மாற்றிப் போட்டுப் பார்த்தும் மிஸ் மூன்றை விட்டு நகரவில்லை. கம்ப்ரஷன் நாலிலும் 165–170 பி.எஸ்.ஐ. ஆக வால்வும் ரிங்கும் நல்லபடி. பொறியும் அமுக்கமும் இருந்து ஒரு சிலிண்டர் மட்டும் வெளுத்தால் (கலவையில் பெட்ரோல் குறைந்தால்), ஒன்று இன்ஜெக்டர் அடைப்பு, இல்லை அந்த ஒரு கிளைக்குழாயில் மட்டும் வெளிக்காற்று.

ஜூலை 16, புதன்

மேப் சென்சார் வண்டிக்கும், காற்றின் ஓட்டத்தை அளக்கும் மாஃப் சென்சார் வண்டிக்கும் ஏர் லீக் ஒரே மாதிரி தெரியாது. மாஃபில் கசிவுக்காற்று கணக்கில் வராமல் நுழைவதால் கலவை வெளுக்கும். மேப் வண்டியில் மேனிபோல்டுக்குள் எப்படி வந்த காற்றானாலும் அழுத்தமாகத் தெரிந்துவிடும், இ.சி.யூ. அதற்கும் பெட்ரோல் கொடுக்கும். அதனால் குலுக்கத்தைவிட ஐடில் ஏறுவதுதான் முதலில் தெரியும். ஆனால் கசிவு ஒரு கிளையின் வாயில் இருந்தால் கதை வேறு. அந்தக் காற்றுக்கான பெட்ரோலை நாலு சிலிண்டருக்கும் பங்கு வைத்துவிடும், மூன்றுக்குப் பத்தாது.

கார்புரேட்டர் கிளீனரை அடித்துத் தேடுவது சுலபந்தான், சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கவும் செய்யும். எஞ்சினை அணைத்து, காற்றுக்குழாயை அடைத்து, 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாமல் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். இரண்டு இடத்தில் நுரை தள்ளியது: எஞ்சின் அடிப்பகுதிப் புகையை மேனிபோல்டுக்குத் திருப்பும் பி.சி.வி. ஹோஸின் அடிப்பக்கம் (மேலே பார்த்தால் புதுசு போலவே இருக்கும், அடியில் விரலை ஓட்டிப் பார்க்கணும்), மூன்றாம் இன்ஜெக்டர் மேனிபோல்டில் உட்காரும் ஓ-ரிங்.

கழற்றும் முன் பம்ப் ரிலேயைப் பிடுங்கி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, லைனில் உள்ள அழுத்தத்தைப் போக்க வேண்டும். ஓ-ரிங் பிளாஸ்டிக் வளையல் மாதிரி இறுகி, நகம் பட்டதும் ஒடிந்தது. நாலுக்கும் மேலும் கீழுமாக எட்டு ஓ-ரிங், எல்லாம் விட்டான் ரப்பர். இப்போது பெட்ரோல் பங்கில் வருவது இ20, 20 சதவீதம் எத்தனால். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சாதா ரப்பர் தாங்காது. பூட்டும்போது ஒரு சொட்டு புது எஞ்சின் ஆயில். கிரீஸ் வேண்டாம்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணு. காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடி மட்டும் துடைத்தது. ஐடில் வால்வின் ஊசியைக் கையால் இழுக்கக் கூடாது, உள்ளே பல் உடையும்.

ஜூலை 19, சனி

பூட்டி ஓட்டியாயிற்று. குலுக்கம் முக்கால்வாசி போய்விட்டது, மூன்றாம் சிலிண்டரும் 115 இறங்குகிறது. ஆனால் ட்ரிம் −13! சைலன்சர் வாயில் கரி, பெட்ரோல் நெடி. மேப் 40, இன்னும் ரெண்டு மூணு அதிகம்.

அதாவது இரண்டு குறைகள் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டிருந்தன. காற்றுக் கசிவு ஒரு பக்கம் வெளுக்க, வேறு ஏதோ மறுபக்கம் பெட்ரோலைக் கொட்டியிருக்கிறது. சுழி போட்ட −5 இதைத்தான் சொன்னது.

கூலன்ட் ஸ்கேனரில் 74 டிகிரி. ரேடியேட்டர் மேல் ஹோஸ் கையில் பிடிக்க முடியாத சூடு. தெர்மோஸ்டாட் வாயருகே தெர்மாமீட்டர் வைத்தால் 90. மூடிய த்ராட்டிலில் டி.பி.எஸ். (த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார்) 0.73 வோல்ட், இருக்க வேண்டியது 0.5 சுற்றி. மேப் அதிகம், டி.பி.எஸ். அதிகம், கூலன்ட் குளிர்ச்சி. குளிர்ச்சி என்றாலும் அந்தச் சென்சாரில் வோல்ட் கூடுதல் என்றே அர்த்தம். மூன்று சென்சார் ஒரே வாரத்தில் ஒரே பக்கமாகக் கெடுமா? மூன்றுக்கும் பொது என்று பார்த்தால் 5 வோல்ட் வயரும் எர்த் வயருந்தான். 5 வோல்ட் 5.01 இருக்கிறது.

ஜூலை 21, திங்கள்

எஞ்சின் ஓடும்போது மீட்டரின் கறுப்பு பேட்டரி நெகட்டிவில், சிவப்பு டி.பி.எஸ். கனெக்டரின் எர்த் பின்னில், பின்பக்கமாக ஊசி செருகி: 0.25 வோல்ட். 0.05க்குள் இருக்கணும். இ.சி.யூ. முனையில் அதே எர்த் 0.02. குறை இரண்டுக்கும் நடுவில். ஓம்ஸில் வைத்துப் பார்த்தால் இது பிடிபடாமலும் போகலாம். கரண்ட் ஓடும்போது வோல்ட் இறக்கத்தை அளப்பதுதான் வழி.

பேட்டரி தட்டுக்கு அடியில், கொருகேட்டட் சுருள் உறைக்குள் எலி வேலை. நாலைந்து இழை மிச்சம், அதுவும் பச்சை பூத்து. வாழையும் வயலும் பக்கத்தில் இருந்தால் இது புதிசில்லை.

செவ்வாய்க்கிழமைச் சோதனை ஏன் ஏமாற்றியது? இரண்டு வெப்பச் சென்சாருக்கும் அதே எர்த்துதான், இரண்டும் சேர்ந்தே பொய் சொல்லின. அன்று சுவர்த் தெர்மாமீட்டரில் 30 டிகிரி. ஸ்கேனரின் இரண்டு எண்களை மட்டும் ஒப்பிட்டது தப்பு, மூன்றாவதாக வெளித் தெர்மாமீட்டர் வேண்டும். மேப் சரியாகக் காட்டியதற்கும் காரணம் உண்டு. எர்த்தில் வோல்ட் ஏறினால் சென்சாரின் கீழ் வோல்ட்டுகள்தான் அதிகம் நகரும். 5 வோல்ட்டை நெருங்க நெருங்க நகர்வு குறைந்துவிடும். எஞ்சின் நிற்கும்போது மேப் மேலே இருக்கும், ஐடிலில் கீழே. எனவே டி.பி.எஸ். மூடிய வோல்ட்தான் இதற்கு நல்ல சாட்சி.

முறுக்கி டேப் சுற்றக் கூடாது, அடுத்த மழைக்கே பச்சை பூக்கும். கறுத்த பகுதியை வெட்டி எறிந்து, பளபளப்பான செம்பு வரும்வரை உரித்து, அதே தடிமன் வயரைச் சால்டர் பிடித்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய். எலிக்கு: காற்று உறிஞ்சும் வாயிலும் அடித்தட்டு இடைவெளியிலும் கம்பி வலை. போயிலை கட்டுவதில் தப்பில்லை, வாசம் இருக்கும்வரைதான் காவல்.

இதை விட்டிருந்தால் குலுக்கத்தைவிடப் பெரிய செலவு காத்திருந்தது: எஞ்சின் கொதிக்கும்போதும் இ.சி.யூ. குளிர்ச்சி என்று நினைத்து ஃபேனைத் தாமதமாகப் போடும். ஹெட் கேஸ்கட் போகும்.

ஜூலை 23, புதன்

பேட்டரி நெகட்டிவைப் பத்து நிமிஷம் கழற்றிப் பூட்டி, ஏ.சி. இல்லாமல் ஃபேன் இரண்டு தடவை போடும்வரை ஐடிலில் விட்டு, பிறகு ஏ.சி.யோடு ஐந்து நிமிஷம். அப்புறம் முக்கூடல் வரை போய்த் திரும்பியது. ஐடில் 800, மேப் 34, டி.பி.எஸ். 0.51, கூலன்ட் 91. ட்ரிம் ஐடிலில் +5, 2500லும் +5. இரண்டிலும் ஒரே அளவு என்பதால் கசிவு இல்லை. மிச்சம் இருப்பது எத்தனால் கணக்கு: சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, இ20க்குச் சுமார் 13.5. இ.சி.யூ.வில் பழைய பெட்ரோல் கணக்கு உள்ள வண்டியில் இந்த +5ஐத் துரத்தக் கூடாது.

பையில் வந்த பழைய ஆக்சிஜன் சென்சாரை வைஸில் பிடித்து கேஸ் டார்ச் காட்டியது. நுனி சிவந்ததும் 0.85 வோல்ட், தீயை விலக்கியதும் சட்டென்று 0.1. நல்ல சென்சார். வண்டி நாளை ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போகிறது; சென்சார் பையோடு டிக்கியில்.