ஒரே தாத்தாவுக்கு இரண்டு பெட்டி

2 மார்ச் 2025, ஞாயிறு

என் பிறந்த வீட்டார் எல்லாரையும் இணையக் குடும்ப மரத்தில் ஏற்றியாயிற்று. இன்று என் கணவர் வீட்டுப் பக்கம் தொடங்கினேன். முதல் கட்டத்திலேயே தகராறு. குடும்பப் பெயர் கேட்கிறது. நமக்கேது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டால் தாத்தா ஒரு குடும்பம், மாமா, அதாவது என் மாமனார், ஒரு குடும்பம், என் கணவர் மூன்றாவது குடும்பம் என்று பிரிந்து நிற்கிறார்கள். காலியாகவே விட்டுவிட்டேன்.

8 மார்ச், சனி

ஈசூனுக்குப் போய் அத்தையை, அதாவது என் மாமியாரைப் பிடித்தேன். மாமா பெயரைச் சொல்ல மாட்டாராம். எழுந்து போய் இறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டினார்! மற்றவர்களுக்கும் பெயர் இல்லை, அடையாளம்தான்.

மாமாவின் அப்பா, பேஸ் தாத்தா. செம்பவாங் கடற்படைத் தளத்தில், அதாவது 'பேஸ்'இல் வேலை. 1971இல் பிரிட்டிஷ்காரர்கள் சிங்கப்பூரைவிட்டுக் கிளம்பும்வரை அங்கேதான். அத்தையின் தாய்மாமன், ராஜுலா தாத்தா. நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி, பினாங்கு வழியாக வந்து இறங்கியவர். வாந்தி எடுத்தே பாதி ஆளாகிவிட்டாராம். மரத்தில் ஆளுக்கொரு பெட்டி போட்டேன்.

9 மார்ச், ஞாயிறு

நாத்தனார் தன் பிறந்த தேதி வெளியே தெரியக் கூடாது என்றார். சரி, மறைத்தாயிற்று.

16 மார்ச், ஞாயிறு

இரண்டு தாத்தாவுக்கும் படம் ஒட்டலாம் என்று ஆல்பத்தைக் கேட்டேன். அத்தை இரண்டு முறையும் ஒரே படத்தைக் காட்டினார். நான் விழித்ததைப் பார்த்து ஒரே சிரிப்பு. "ஒரே ஆளுதாம்மா. கப்பல் கதைக்கு அந்தப் பேரு, வேலைக் கதைக்கு இந்தப் பேரு."

அத்தையும் மாமாவும் சொந்தம் என்று தெரியும். எந்த வழியில் என்று நான் கேட்டதே இல்லை. தாய்மாமன் மகனையே கட்டியிருக்கிறார். என் கணவரைக் கேட்டால், "தாத்தா தாத்தாதானே, இதுல என்ன இருக்கு?" என்கிறார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு!

ராத்திரி இரண்டு பெட்டிகளையும் ஒன்றாக்கினேன். கோடுகள் வளைந்து ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. இவருக்குப் பூட்டன் பூட்டி எட்டுப் பேர் இருக்க வேண்டிய வரிசையில் இப்போது ஆறே பேர். அதில் பூட்டிகள் மூவருக்குமே பெயர் இல்லை. அத்தையிடம் கேட்டால் எல்லாரும் "ஆத்தா"தான்.

அடுத்து ஜொகூர் சின்னம்மா. யார் மகள், யாரைக் கட்டினார் என்று கேட்டுவிட்டுத்தான் இனி பெட்டி.