வீட்டுக்கும் கொடுத்து, வெளிநாட்டுக்கும் சேர்ப்பது

படிக்கவோ வேலைக்கோ வெளிநாடு போகப் பணம் சேர்ப்பவருக்கு, வீட்டுக்கு மாதாமாதம் கொடுக்கும் தொகை சேமிப்பை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. அது தெரிந்த செலவு. ஆஸ்பத்திரி, பாக்கி விழுந்த தவணை, திடீர்க் கட்டணம், இப்படிச் சொல்லாமல் வருபவைதான் பயணப் பணத்தில் கை வைக்கச் செய்யும். ஆகவே கணக்கு மூன்றாக இருக்கட்டும்: வீட்டுப் பணம், வீட்டு அவசரப் பணம், பயணப் பணம்.

சம்பளம் 100 என்றால் வீட்டுக்கு 40, அவசரத்துக்கு 10, பயணத்துக்கு 20, சொந்தச் செலவுக்கு 30 என்று தொடங்கலாம். விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். அவசரக் கணக்கு மட்டும் பூஜ்யமாக இருக்கக் கூடாது. அதில் மூன்று மாத வீட்டுத் தொகை சேர்ந்ததும் அந்த 10-ஐப் பயணத்துக்குத் திருப்பிவிடலாம். எடுத்தால் மறுபடி நிரப்பிய பிறகுதான் திருப்ப வேண்டும். வீட்டில் வட்டி ஏறும் கடன் இருந்தால் முதலில் அதை அடைப்பதே லாபம். வங்கி தரும் வட்டி பெரும்பாலும் அதை எட்டாது.

பயணப் பணத்திலும் இரண்டு வகை உண்டு. விசா, டிக்கெட் போன்றவற்றுக்குச் செலவாகும் பணம் ஒன்று. விசாவுக்காக வங்கிக் கணக்கில் இருப்பதாகக் காட்ட வேண்டிய பணம் இன்னொன்று. இதைக் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். பிரிட்டன் மாணவர் விசாவுக்குத் தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28-ஆவது நாள் விண்ணப்பிப்பதற்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். நடுவில் ஒருநாள் வீட்டுக்கென்று கொஞ்சம் எடுத்து இருப்பு அந்தத் தொகைக்குக் கீழே போனாலும் 28 நாள் எண்ணிக்கை முதலிலிருந்துதான். கடைசி நேரத்தில் கைமாற்று வாங்கிப் போட்டால், இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். ஜெர்மனியில் மாணவர்களுக்கான முடக்கப்பட்ட கணக்கில் (முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்க விடும் கணக்கு) 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ கட்ட வேண்டும் என்றானது. அங்கே போனபின் மாதம் 992 யூரோதான் வெளியே வரும். அது அங்கே சாப்பிட்டு வாடகை கொடுக்கவே சரியாக இருக்கும். அதிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

செலவுகளின் வரிசையும் முக்கியம். பாஸ்போர்ட்டை முன்கூட்டியே எடுத்து வைக்கலாம். மொழித் தேர்வை அப்படி எழுதக் கூடாது: ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். சேர்க்கவே மூன்று வருடம் ஆகும் என்றால் கட்டணம் இரண்டு தரம். மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ் எல்லாம் இன்னும் சீக்கிரம் காலாவதியாகும், கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் விடுவது ஒன்று உண்டு. வேலைக்கே போனாலும் முதல் சம்பளம் கைக்கு வரப் பெரும்பாலும் ஒரு மாதம் ஆகும். அதற்குள் வாடகை முன்பணம் கேட்பார்கள். அதனால் விமானம் ஏறும் முன்பே அடுத்த மூன்று மாத வீட்டுத் தொகையைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். மொத்தமாகக் கையில் கொடுத்தால் முதல் மாதமே கரைந்துவிடும் (வீட்டாரைக் குறை சொல்ல முடியாது, காத்திருக்கும் கடன்காரர்கள் அப்படி). வாடகையும் மின்கட்டணமும் வங்கியிலிருந்தே தேதி தவறாமல் போகும்படி ஏற்பாடு செய்துவிட்டு, மளிகைக்கு மட்டும் மாதாமாதம் அனுப்புங்கள்.

அங்கிருந்து அனுப்பும்போது ‘கட்டணம் இல்லை’ என்ற விளம்பரத்தை நம்பி இறங்க வேண்டாம். கட்டணத்தை நாணய மாற்று விகிதத்தில் ஒளித்து வைப்பார்கள். ஒரே நாளில், ஒரே தொகைக்கு, வீட்டார் கையில் எவ்வளவு விழும் என்பதை இரண்டு மூன்று இடங்களில் கேட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.