உப்புச் சுவர்: ஒரு படப்பிடிப்பு நாட்குறிப்பு

ஏப்ரல் 26

நேற்று அடித்த வெள்ளை இன்று காலை அப்பளமாகப் பொங்கி நிற்கிறது. தொட்டால் உதிர்கிறது. சுண்ணாம்பு மட்டம் என்கிறார் பெயின்டர். சுண்ணாம்பில் ஒரு குறையும் இல்லை. ஆயுள் கைதி ஒருவரின் கதைக்கு ஜெயில் செட்டாக மாற்றுகிற, மேல்விஷாரம் பக்கத்துப் பழைய தோல் ஷெட் இது. பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்கி வைத்த கூடம். அத்தனை வருட உப்பும் செங்கலுக்குள் இறங்கியிருக்கிறது. ஈரம் பட்டால் கரைந்து வெளியே வரும், காய்ந்தால் படிகமாகி மேல்பூச்சைத் தள்ளும். எமல்ஷன் அடித்தால் இன்னும் மோசம், ஈரம் போக வழியில்லாமல் பாளம் பாளமாக விழும்.

காய்ந்த பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்து அள்ளிக் கொட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது, திரும்ப உள்ளே இறங்கிவிடும். பிறகு தண்ணிச் சுண்ணாம்பு இரண்டு கை, துளி நீலம். கீழே மூன்றரை அடிக்குத் தார்ப்பட்டை. எந்தச் சுவராக இருந்தாலும் வைட் ஷாட்டை முதலில் எடுத்துவிடுவது. க்ளோசப் எடுக்கும்போது உரிந்திருந்தாலும் பின்னணி மங்கலில் மறைந்துவிடும். தினமும் காலையில் ஒரே இடத்தில் நின்று கன்டின்யூட்டி போட்டோ.

உரிந்த சுவர்தான் ஜெயில் மாதிரி இருக்கிறதென்று கேமராமேனுக்குச் சந்தோஷம். நிஜ ஜெயிலில் வெள்ளையடிக்க ஆள் பஞ்சமே கிடையாது. அதை யாரிடம் சொல்ல.

ஏப்ரல் 27

வேலூர் ஜெயில் இருக்கிற தொரப்பாடி ரோட்டில் படமெடுக்க அனுமதி வரவில்லை.

ஏப்ரல் 29

கைதி உடுப்பு வந்தது. புது வெள்ளை. இந்த வெயிலில் அப்படியே நிறுத்தினால் கேமராவில் சட்டை வெறும் வெள்ளையாக எரிந்துபோய் ஒரு மடிப்பும் பதிவாகாது. சட்டைக்காக எக்ஸ்போஷரைக் குறைத்தால் முகம் கரியாகிவிடும். டீத்தூள்தான் வழி. பத்து லிட்டர் கொதிநீருக்கு 100 கிராம் மட்டத் தூள், ஒரு பிடி உப்பு, நன்றாக வடிகட்டிய பிறகு துணியைப் போட்டுப் பத்து நிமிஷம் புரட்டுவது. வடிகட்டாமல் போட்டால் தூள் ஒட்டிய இடமெல்லாம் புள்ளி விழும். துணி பருத்தி, தைத்த நூல் பாலியஸ்டர். துணி நிறம் குடித்தது, நூல் குடிக்கவில்லை. காலரைச் சுற்றி வெள்ளைத் தையல் பளிச்சென்று தெரிகிறது. எல்லாவற்றையும் பிரித்துப் பருத்தி நூலில் தைக்கச் சொல்லியாகிவிட்டது.

மனு (கைதியை வீட்டார் வந்து பார்ப்பது) வரிசையில் நிற்கும் கைதிகளில் பாதிப்பேருக்கு வெள்ளை கூடாது. விசாரணைக் கைதி சொந்தத் துணியில்தான் இருப்பார், லுங்கியோ டீஷர்ட்டோ. வெள்ளை, தண்டனை ஆனவர்களுக்கு மட்டும். சினிமாவில் எல்லோரும் வெள்ளை போட்டு ஜனங்களின் கண் பழகிவிட்டது, அதனால் சரியானது தப்பாகத் தெரியும் என்று வாதம் வந்தது. தெரியட்டும்.

மே 1

“ஆயுள்னா பதினாலு வருஷம்தானே, முடிஞ்சிச்சு” என்று ஒரு வசனம். தூக்க வேண்டும். ஆயுள் என்றால் ஆயுள் முழுக்க. மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் வாங்கியவரை, 14 வருடம் உள்ளே இருந்து முடிக்காமல் அரசு தண்டனையைக் குறைத்து அனுப்பக் கூடாது என்பதுதான் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 433ஏ. பதினாலு முடிந்தால் கதவு திறக்காது. ஃபைல் திறக்கும், அவ்வளவுதான். கதை நடப்பது 2017இல், அதனால் பேப்பரில் 433ஏ என்றே இருக்கட்டும். புதுச் சட்டத்தில் அது 475. பிராப்பர்ட்டி பையன் இன்டர்நெட்டில் பார்த்து அதை எழுதிவிடக் கூடாது.

ஆளுநர் வழியாக விடுவது வேறு கணக்கு. 2008 செப்டம்பரில் அண்ணா நூற்றாண்டுக்கு, ஏழு வருடம் முடித்த ஆயுள் கைதிகள் 1,400 பேருக்கு மேல் வெளியே வந்தார்கள். நம்ம ஆள் உள்ளே போனது 2003. அப்போது அவருக்கு அஞ்சே வருடம். அதே பிளாக்கிலிருந்து பக்கத்துப் பாய்க்காரர் மூட்டை கட்டிக்கொண்டு போவதைப் பார்க்கிறார். இரண்டு பக்க அழுகை வசனத்துக்குப் பதில் இந்த ஒரு ஷாட் போதும். டைரக்டருக்கும் பிடித்துவிட்டது. வசனத்தை மட்டும் விட மனசில்லை.

போர்டுகளில் ராணிப்பேட்டை மாவட்டம், திருப்பத்தூர் மாவட்டம் என்று எங்கும் வரக் கூடாது. பிரித்தது 2019இல். 2017இல் இந்த வட்டாரம் பூராவும் வேலூர் மாவட்டம்தான். வண்டிகளுக்கு டிஎன் 23.

மே 4

கத்திரி தொடங்கியது. பத்து மணியிலிருந்து தகரக் கூரை டக் டக்கென்று வெடிக்கிறது. சூட்டில் தகடு நீளும், ஆணி பிடித்திருப்பதால் நகர முடியாமல் உதறும். சாயந்திரம் சுருங்கும்போது மறுபடி அதே கச்சேரி. ஈரச் சாக்கு போட்டுப் பார்த்தது உதவவில்லை. சாக்கு காயக் காய இன்னும் வேகமாகச் சத்தம். வசனம் உள்ள சீன் எல்லாம் காலை ஒன்பதுக்குள். மிச்ச நேரத்துக்கு நடை, வேலை, முகம்.

மே 6

மனு சீன். படமே இதுதான். மகள் முதல் தடவை பார்க்க வருகிறாள்.

இரண்டு வலை, நடுவில் இரண்டரை அடி. முதலில் கட்டிய வலை கண் பொடிசு, மானிட்டரில் அலை அலையாகக் கோடு ஓடியது. வலையின் கண்ணும் சென்சாரின் கட்டமும் ஒன்றோடொன்று மோதினால் வரும் கோளாறு அது, பின்னால் கிராஃபிக்ஸில் துடைக்க நம்மிடம் காசு கிடையாது. கண் பெரிய வலையாக மாற்றி, ஃபோகஸை முகத்தில் வைத்து வலையை மங்க விட்டதும் போயிற்று. கேமரா பக்கத்து வலைக்கு மேட் கறுப்பு அடிக்க வேண்டும். வெள்ளிப் பளபளப்போடு விட்டால் வெளிச்சத்தை வாங்கித் திரையாகி, பின்னால் ஆளே தெரியாது.

டியூப்லைட்டுக்கு ஷட்டர் 172.8 டிகிரி. 24 ஃபிரேமில் அது சரியாக ஐம்பதில் ஒரு நொடி, நம் ஊர் கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸோடு ஒத்துப்போகும். ஆனால் ஜெனரேட்டர் 50இல் நிற்காமல் 51, 52 என்று ஓடினால் பட்டை ஓடும். மீட்டர் பார்க்க ஒரு ஆளை அங்கேயே உட்கார வைப்பது.

சத்தம்தான் பெரிய தலைவலி. அந்தக் கூடத்தில் பதினைந்து குடும்பம் ஒரே நேரத்தில் கத்தும். லைவ் சவுண்டில் பின்னால் இருப்பவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள், இரைச்சலைத் தனியாக எடுத்துச் சேர்ப்போம். வாயை மட்டும் அசைத்ததும் முன்னால் இருக்கும் இரண்டு பேரும் வீட்டுத் திண்ணையில் பேசுவது மாதிரி பேசினார்கள். இரைச்சலில்தான் தொண்டை தானாக உயரும், நடித்துக் காட்டினால் பொய் தெரிகிறது. இரைச்சலை முதலில் ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, நிறுத்திய கையோடு டேக் போனால் முதல் இரண்டு வரி சரி, மூன்றாவதில் குரல் இறங்கிவிடுகிறது. கடைசியில் இருவருக்கும் காதுக்குள் சின்ன இயர்பீஸ் வைத்து இரைச்சலை ஓடவிட்டோம். மைக் அதை வாங்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்கிறது, கை தானாகக் காதுக்குப் பின்னால் போகிறது.

அந்த இரைச்சலில் “என்னை மன்னிச்சிடும்மா” என்று அப்பா மெதுவாகச் சொல்லுவாராம். யாருக்குக் கேட்கும்? மகளுக்கே கேட்காது. கத்திச் சொன்னால் பக்கத்தில் இருக்கிற பதினாலு குடும்பமும் திரும்பும்.

மே 7

அனுமதி வரவில்லை. ஃபைல் மேலே போயிருக்கிறதாம்.

மே 9

ஆம்பூரில் ஜாப் ஒர்க் யூனிட். மகள் கதாபாத்திரம் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறவள், அதற்குப் பயிற்சி. வேலூர் ஜெயிலுக்குள்ளும் போலீஸுக்கு பூட்ஸ் தைக்கிறார்கள். அப்பாவுக்கும் அதே தொழில். கதையில் உருப்படியான விஷயம் இது ஒன்று, ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரியாகக் கிடக்கிறது.

போஸ்ட் மிஷினில் தையல் தூணின் மேல் நடக்கும், அதனால் வளைந்த அப்பரைத் திருப்பித் திருப்பித் தைக்க வசதி. ஓரத்தை முதலில் ஸ்கைவிங்கில் இழைத்து மெலிசாக்காவிட்டால் மடித்த இடம் தடித்துப்போய், ஊசி ஏறி இறங்கும்போது தையல் விட்டுப்போகும். வளைவில் ஊசி தோலுக்குள் இருக்கும்போதே, தோலை அழுத்திப் பிடிக்கிற மிஷின் காலைத் தூக்க வேண்டும், பிறகு தோலைத் திருப்ப வேண்டும். நடிகை ஊசி மேலே இருக்கும்போது திருப்பினார், கோடு பல் இளித்தது. பிரித்துத் தைக்க வழியில்லை, துணி மாதிரி அல்ல, தோலில் விழுந்த ஓட்டை ஓட்டைதான்.

யூனிட் மேஸ்திரி இதைச் சொன்னதும் டைரக்டர் நோட்டை எடுத்துவிட்டார். “தோல்ல உழுந்த ஓட்டை மறையாதுப்பா” என்று மகள் சொல்வாளாம். கடவுளே.

மே 10

அந்த வரியை வெட்ட ஒரு ராத்திரி வாதம். இப்போதைக்கு நிற்பது இப்படி:

“எந்த மிஷின்ல குந்த வச்சிகிறாங்க?”

“போஸ்ட்டு.”

“ஊசி?”

“நூறு.”

“எங்களுக்கு நூத்தி இருவது. பூட்ஸுக்கு.”

பெல் அடிக்கிறது. சீன் அங்கேயே முடிகிறது. மன்னிப்பு கேட்கவில்லையே, ஆடியன்ஸுக்கு எப்படித் தெரியும் என்று தயாரிப்பாளர் கேட்கிறார். பதினாலு வருடம் கழித்து ஒருத்தி வந்து நின்று ஊசி நம்பர் சொல்கிறாள். இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

இரண்டு மாதிரியும் எடுத்துவைப்பதாக முடிவு. இரண்டு மாதிரியும் எடுத்தால் எடிட்டில் எது ஜெயிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

மே 12

கைதியின் தாய்க்கிழவி இறந்த சேதி தந்தியில் வருகிறதாம். தந்தி சேவையை 2013 ஜூலையிலேயே மூடிவிட்டார்கள். போன் வரும், ஊர் ஸ்டேஷன் உறுதி செய்யும், அவசர விடுப்பு ஆர்டர் ஆகும், வழிக்காவலுக்கு ஆள் கிடைக்கும்வரை அவர் காத்திருப்பார். காத்திருப்பதை எடுத்தால் போதும்.

மே 13

குடியாத்தம் சாவு சீன். கையில் விலங்கு வேண்டாம் என்று மூன்றாவது தடவையாகச் சொல்லியாகிவிட்டது. எல்லா கைதிக்கும் வழக்கமாக விலங்கு போடக் கூடாதென்று 1980இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காவலர் கைதியின் விரல்களுக்குள் விரல் கோத்துப் பிடித்துக்கொண்டு நடப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு சிநேகிதர்கள். விலங்கைவிட இது எவ்வளவோ மேல்.

கொள்ளிக்குடத்துக்குத் தோளும் கையும் வேண்டும். அதனால் காவலர் விட்டே ஆக வேண்டும். எந்த இடத்தில் விடுகிறார் என்பதுதான் சீன். குடத்தைத் தோளில் ஏற்றுவதற்கு முன்பா, ஏற்றிய பிறகா? ஏற்றும்போதே விடுகிறார், விட்ட கையால் குடத்தைத் தாங்கி ஏற்றியும் விடுகிறார். இது ஸ்கிரிப்டில் இல்லை, காவலராக நடித்தவர் தானாகச் செய்தது. அவர் திருவலத்துக்காரர், நாடகம் ஆடுகிறவர்.

குடம் ஆறு. அரிவாள் நுனியால் நிஜமாகக் கொத்தினால் இரண்டில் ஒன்று முழுசாகப் பிளக்கிறது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, 6 மில்லி பிட்டால் மூன்று ஓட்டை மெதுவாகத் துளைத்து (டிரில்லில் ஹேமர் போடக் கூடாது), களிமண்ணால் அடைத்து, மேலே கரி பூசிவிட்டால் ஒரு தட்டுக்குத் திறந்துகொள்கிறது. மாற்று வேட்டி நாலு, ஒவ்வொரு டேக்கும் நனையும்.

தலை குனிந்து சுற்றி வரும்போது அவர் கண் காவலர்களின் கால்களில் படுகிறது. பூட்ஸ். தைத்தது யாரென்று அவருக்குத் தெரியும், மகளுக்கும் தெரியும். அவளும் அந்தத் தையலைத்தான் பார்க்கிறாள். தையலை மட்டும் நெருக்கமாகக் காட்டும் இன்சர்ட் ஒன்று எடுக்க வேண்டும், ஆனால் வாடகைக்கு வந்த பூட்ஸில் சோல் ஒட்டினது, தையலே கிடையாது. தைத்த ஜோடி கிடைக்கும்வரை இந்த ஷாட் நிலுவை.

மே 14

மேகமூட்டம். கன்டின்யூட்டி போச்சு. பேக்கப்.

மே 16

கேட். பெரிய கேட்டுக்குள் திட்டிவாசல், அதற்கு உள்ளே இன்னொரு கேட். ஒன்று பூட்டினால்தான் மற்றது திறக்கும், இரண்டும் ஒரே சமயம் திறந்திருக்கவே கூடாது. நடுவில் நிற்கிற அந்தச் சில நிமிஷம்: பேர், அப்பன் பேர், மச்சம், கையெழுத்து. செட்டில் கம்பிகளெல்லாம் பிவிசி குழாய், வெள்ளிக் கறுப்பு பெயின்ட். கண்ணுக்குச் சரி, தட்டினால் டப்பா. நடிகர்கள் தொடுகிற நாலு கம்பி மட்டும் 20 மில்லி இரும்பாக மாற்றியாகிவிட்டது. பூட்டுச் சத்தத்தை ராணிப்பேட்டையில் ஒரு பழைய குடோன் கதவில் தனியாக எடுத்தது. இரண்டு மைக், ஒன்று பூட்டுக்கு ஒட்டி, ஒன்று இருபது அடி தள்ளி. தள்ளி வைத்ததுதான் நன்றாக வந்திருக்கிறது.

உடைமைப் பையிலிருந்து 2003ஆம் வருடத்துப் பழைய 500 ரூபாய் நோட்டு வருகிறதாம், செல்லாத நோட்டு, குறியீடு. ரொக்கத்தைப் பையில் வைக்க மாட்டார்கள், கணக்கில் ஏற்றிவிடுவார்கள், போகும்போது செல்லுகிற பணமாகத்தான் தருவார்கள். பையில் வாட்ச் இருக்கலாம். பெல்ட் இருக்கலாம். குறியீடு கிடையாது.

மே 17

“மன்னிச்சிடும்மா” வெர்ஷனை இன்று எடுத்தார்கள். நாலு டேக். நடிகர் நன்றாகவே செய்தார், அதுதான் பயமாக இருக்கிறது.

மே 18

அனுமதி வந்தது. 21ஆம் தேதி காலை 5 முதல் 7 வரை, ஒரு கேமரா, சிறைச் சுவரும் கேட்டும் ஃபிரேமில் வரக் கூடாது. ஆக, பஸ் ஸ்டாப், டீக்கடை, மகள் நிற்கிற இடம் மட்டும். விடுதலையானவர் வலப்பக்கமிருந்து நடந்து வர வேண்டும், எங்கிருந்து வருகிறார் என்பதைச் சத்தத்தில் சொல்லிக்கொள்ளலாம், இருபது அடி தள்ளி எடுத்த அந்தப் பூட்டு இருக்கிறது. டீக்கடை போர்டில் 2017 விலை எழுத வேண்டும். தைத்த பூட்ஸ் இன்னும் கிடைக்கவில்லை, ஆம்பூருக்கு யாராவது